முனையா, பத்தா?

வியன்னா
1 செப்டம்பர் 1983, வியாழன்

அன்புள்ள அக்கா,

இப்படித் திடீரென்று எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. ஜூனில் அந்த ஒரு கார்டு போட்டதோடு சரி. அதற்குப் பிறகு மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். மூன்றும் தேதியோடு நின்றுவிட்டன. நேற்று யோஷா வந்து கதவைத் தட்டாமல் இருந்திருந்தால் இதையும் எழுதியிருப்பேனா தெரியாது.

மர லாரியைத் தெருவில் நிறுத்திவிட்டு மூன்று மாடி ஏறி வந்தான். தெரு முழுக்க நம் ஊர்ப் பச்சை மர வாசனை. வீட்டுக்காரம்மா கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்க்க, இவன் அந்தப் பக்கத்து மலைக்குக் கேட்கிற மாதிரி பேசினான்.

"உங்க அக்காவுக்கு அளக்குற சாமான் வேணுமாம். நல்லதா, பிசகாததா."

"என்னென்ன வேணும்னு சொன்னாளா?"

"எனக்கென்னம்மா தெரியும்? கோணல் இல்லாததுன்னு சொன்னா. கோணல் இல்லாத சாமான், கோணல் இல்லாத ஆளு, ரெண்டுமே ஊர்ல கிடைக்கலையாம்."

அவன் சிரித்தான். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். மூன்று கப் குடித்தான். ஊரில் காப்பிக்கொட்டை கண்ணில் பட்டு இரண்டு மாதம் ஆகிறதாமே? உனக்கு ஒரு கிலோ கொடுத்தனுப்புகிறேன். அவன் வழியில் அதை மோந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதாகச் சத்தியம் செய்திருக்கிறான்.

பள்ளிக்கூட ஜன்னல் வேலையை உனக்கே திரும்பவும் கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னான். சந்தோஷம்தான், அக்கா. சந்தோஷம் மட்டும் என்று சொல்ல முடியவில்லை.

என் வேலைக்கு ஒன்றும் குறைவில்லை. நில அளவை அலுவலகத்தில் இப்போது என்னை வெளியே அனுப்புவதில்லை. மற்றவர்கள் அளந்து கொண்டுவருவதை மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன். நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அத்தான் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது?

என்னென்ன வேண்டும் என்று விவரமாக எழுது. யோஷா திங்கள்தோறும் அங்கிருந்து கிளம்பி, வியாழன்தோறும் இங்கிருந்து திரும்புகிறான். தபாலைவிட அவன் வேகம்.

உன் தங்கை,
நெவென்கா

*

4 செப்டம்பர், ஞாயிறு

அடியே நெவா,

மூணு மாசம் வாயில கொழுக்கட்டை வச்சிருந்தியா? கார்டுல ரெண்டு வரி எழுதிப் போட்டா அக்கா ஒருத்தி இருக்கான்னு கணக்குத் தீர்ந்துபோச்சா? சரி. காப்பி வந்துச்சு. அதுக்காக மன்னிச்சேன். ஆனா பை ஒரு ஓரத்துல பிரிஞ்சிருக்கு. மோந்து பாத்தவன் மூக்கு ரொம்பப் பெருசு போல.

இங்க மழை ஆரம்பிச்சாச்சு. அத்தான் சிங்கப்பூர்லேர்ந்து ஒரு படம் போட்ட கார்டு அனுப்பினார், வெயில்ல நிக்கிறார். நான் சோளக்களியும் புளிச்ச முட்டைக்கோஸுமா நாளை ஓட்டுறேன்.

விஷயத்துக்கு வரேன். தோழர் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு உட்கார வச்சார். பதினாலு ஜன்னல்ல மூணு மட்டும் பொருந்தி, பதினொண்ணு பத்து சென்டிமீட்டர் குட்டையாப் போனது எப்படின்னு கேட்டார். கோபமா கேக்கலை, அதான் எனக்குத் தாங்கலை. அவருக்கு நம்ம பட்டறை வழக்கத்தைச் சொன்னேன். "டேப் நுனியைப் பிடிக்கிறவங்க கொக்கியை விளிம்புல மாட்டினா 'முனை!'ன்னு கத்தணும். மூலையில பழைய பெயின்ட் கட்டியிருந்து கொக்கி உட்காரலைன்னா, பத்து சென்டிமீட்டர் கோட்டை விளிம்புல வச்சு 'பத்து!'ன்னு கத்தணும். அப்ப எண்ணைப் பாக்குறவர் பத்தைக் கழிச்சு எழுதுவார். சத்தம் வரலைன்னா முன்னாடி கத்துனதே நிக்குது. இருபது வருஷமா ஒரு தப்பு வந்ததில்லை, தோழர்"ன்னேன்.

"பின்னே இப்ப?"ன்னார்.

"எண்ணைப் பாத்த விலிமுக்கு இடது காது செத்துப்போச்சு. மெஷின் தின்னுடுச்சு. என் தங்கச்சி 'முனை'ன்னு கத்தியிருக்கா, அந்த ஆளுக்குக் கேக்கலை. வடக்குப் பக்கத்துல சொன்ன 'பத்து'தான்னு நினைச்சு தெக்குப் பக்கம் பூராவும் பத்துப் பத்தா கழிச்சிட்டான்"னேன்.

உன் கார்டையே கொண்டுபோய்க் காட்டினேன்டி. 'கூப்பிட்டேன் அக்கா. பதினொன்றுக்கும் கூப்பிட்டேன்.' நம்ம வீட்டுல முதல் முதலா காலேஜ் முடிச்சவ, அளக்குறதையே படிச்ச இன்ஜினியர், அவ எழுதிக் குடுத்திருக்கான்னா வேற சாட்சி எதுக்கு? இப்ப அந்தக் கார்டு பட்டறைச் சுவத்துல, மெஷினுக்கு மேல ஆணியில தொங்குது. வர்றவன் போறவன் எல்லாம் படிக்கட்டும்.

ஆக, இன்னொரு தடவை குடுத்திருக்கார். நிலை பழசு அப்படியே இருக்கும், கதவு மட்டும் புதுசு. 26-ம் தேதி திங்கக்கிழமை அளக்கணும். முதல் பனி விழுறதுக்குள்ள மாட்டணும். இதுவும் பிசகினா வேலை ஃபாக்டரிக்குப் போகும், நான் பட்டறையைச் சாத்திட்டு அதே ஃபாக்டரி வாசல்ல போய் நிக்கணும்.

வாங்க வேண்டியது: ஒரே கம்பெனி டேப் ரெண்டு, ஒண்ணுக்கொண்ணு ஒப்பிட்டுப் பாத்து. மூலைமட்டம் சின்னது ஒண்ணு, அம்பது சென்டிமீட்டர் பெருசு ஒண்ணு. விளிம்பை ஒட்டிக் கோடு கீறுற கேஜ். அப்புறம் முக்கியமா, ஜன்னல் வாய்க்குள்ள வச்சு விரிச்சுப் பூட்டுற ரெட்டைக் குச்சி. பாத்திருப்பே. அதுல எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. குச்சி நிக்கிற நீளம்தான் அளவு. ஒருத்தரே பிடிக்கலாம், யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். இனிமே என் பட்டறையில எவன் காதையும் நம்பப் போறதில்லை.

யெல்கா

*

வியன்னா
8 செப்டம்பர், வியாழன்

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதில் ஒன்றைத் தவிர எல்லாம் வாங்கி யோஷாவிடம் கொடுத்திருக்கிறேன். பொட்டலத்தின் மேல் உன் பெயரை எழுதவில்லை, எல்லையில் கேள்வி வரும் என்று அவன் தடுத்துவிட்டான். "மூலைமட்டத்தைக் கேட்டா?" என்றேன். "என் பொண்டாட்டி வயித்துல கட்டுற பட்டைன்னு சொல்வேன். அவளைப் பாத்தவன் மறுபேச்சுப் பேச மாட்டான்" என்றான். அவளிடம் இதைச் சொல்லிவிடாதே.

கடை எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி. நீ பார்த்தால் வெளியே வரமாட்டாய். சுவர் முழுக்கப் பித்தளையும் எஃகும். வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் மழை வந்துதான் என்னை உள்ளே தள்ளியது.

கவுண்டரில் என் வயதுப் பெண். கடுமையான ஜலதோஷம். வேண்டியதைச் சொன்னேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்ன? கேக்கலை" என்றாள். மறுபடி சொன்னேன்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. காது அடைச்சிருக்கு."

பின்னால் இரண்டு தச்சர்கள் நின்றிருந்தார்கள். நான் நீ எழுதிய தாளை அவளிடம் நீட்டினேன். அது நம் மொழியில் இருக்கிறது என்பதே அப்புறம்தான் நினைவு வந்தது. அவள் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். தச்சர்களில் ஒருவர் நீ ஓரத்தில் போட்டிருந்த படத்தைப் பார்த்து, "ஜன்னல் குச்சி கேக்குறாங்கம்மா, ரெட்டைக் குச்சி" என்றார். உன் படம் பேசிய அளவுகூட நான் பேசவில்லை.

ஆனால் சாமான்களைச் சோதித்தபோது வெட்கம் போய்விட்டது, அக்கா. சின்ன மூலைமட்டத்தில் ஏழு எடுத்துப் பார்த்தேன். நேர்விளிம்பு உள்ள பலகை ஒன்று கேட்டு வாங்கி, மட்டத்தை வைத்து ஒரு கோடு. பிறகு அதையே புரட்டிப் போட்டு, அதே இடத்திலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. பிசகியிருந்தால் கோடுகள் மேலே போகப் போக விலகும். பிசகு மயிரிழை என்றாலும் புரட்டினால் இரண்டு மடங்காகக் கண்ணில் படும். எங்கள் தொழிலிலும் கருவியைத் திருப்பிப் போட்டு மறுபடி பார்க்காமல் எதையும் எழுதமாட்டோம். ஐந்தாவது மட்டத்தில் அந்தப் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாம் ஒரே ஃபாக்டரி. ஒரே விலை."

"தெரியும். ஒரே மாதிரி இல்லை."

இதை நான்தான் சொன்னேன். எனக்கே ஆச்சரியம். ஏழாவது மட்டத்தை எடுத்துக்கொண்டேன்.

டேப் இரண்டையும் மூன்று மீட்டர் இழுத்துப் அருகருகே வைத்துப் பார்த்தேன். பொருந்தின. நுனிக் கொக்கி லேசாக ஆடும். ஆடட்டும், சுத்தியலால் தட்டி இறுக்கிவிடாதே. உள்பக்கம் அழுத்தி அளக்கும்போதும் வெளிப்பக்கம் மாட்டி இழுக்கும்போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் வராமல் அந்த ஆட்டம்தான் பார்த்துக்கொள்கிறது.

கேஜும் ரெட்டைக் குச்சியும் பொட்டலத்தில் இருக்கின்றன. ஐம்பது சென்டிமீட்டர் மட்டம் அடுத்த வாரம்தான் வருமாம். சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தக் கார்டைச் சுவரிலிருந்து எடுத்துவிடேன், அக்கா. என் கையெழுத்து அவ்வளவு அழகில்லை.

விலிம் மாமா இப்போது எங்கே வேலை செய்கிறார்? சும்மாதான் கேட்டேன்.

நெவென்கா

*

11 செப்டம்பர், ஞாயிறு

நெவா,

சாமான் வந்துச்சு. சின்ன மட்டத்தை நானும் புரட்டிப் பாத்தேன். ரெண்டு கோடும் ஒண்ணா விழுந்துச்சு. பெத்தவங்க இருந்து பாத்திருக்கணும், மரம் வெட்டப் போனவர் பொண்ணு வியன்னாக் கடையில நின்னு ஆறு மட்டத்தைத் திருப்பிக் குடுத்தான்னு.

கார்டை எடுக்க மாட்டேன். கையெழுத்துக்கு அழகு எதுக்கு? உண்மைதான் வேணும்.

விலிம் எங்க வேலை செய்யறார்னு சும்மா கேட்டியா? சும்மாவே சொல்றேன், எங்கயும் இல்லை. ஜூன்ல நான்தான் அனுப்பினேன், மறைக்கலை. பதினஞ்சு வருஷம் என்கூட நின்ன மனுஷனை அனுப்பறது எனக்கென்ன விருந்தா? ஆனா வேலைன்னு வந்தா வேலைதான். அப்புறம் கீழ ஆத்தோரம் இருக்குற பட்டறையில கேட்டிருக்கார். "காது கேக்குமா?"ன்னு கேட்டானாம். மேல் ஊருல கேட்டிருக்கார். "எங்களுக்கு ஜன்னல் முழுசா வேணும்"னானாம்.

ஊருல இப்ப அவருக்குப் பேரே 'பத்துக்குறை'. போன சனிக்கிழமை நான் யோஷாவைத் தேடிச் சாராயக்கடைக்குப் போனேன். விலிம் ஒரு ஓரமா நின்னு பிளம் சாராயம் குடிச்சிட்டிருந்தார். பின்னாடி ஒருத்தன் அவரோட செத்த காதுகிட்டப் போய், "முனையா, பத்தா?"ன்னான். கடையே சிரிச்சுது. அவர் திரும்பலை. இன்னொருத்தன், "டேய், அவருக்கு கிளாஸையும் பத்துக் கழிச்சு ஊத்து"ன்னான். நானும் சிரிச்சேன்டி. அப்புறம் வீட்டுக்கு வந்து களி கிண்டும்போது ஏனோ கை நின்னுபோச்சு. கேக்காம இருந்திருக்கும்னு நினைச்சேன். ஆனா அவர் வலது காது நல்லாவே கேக்கும், தெரியுமா? கிளாஸை வச்சிட்டுத் தொப்பியை எடுத்துட்டுப் போயிட்டார்.

சரி, இன்னொரு சேதி. நீ பெரிய மட்டம் வாங்க வேண்டாம். விலிம் கருவிப் பெட்டியை விக்கிறார். ரியெக்காத் துறைமுகத்துல காவக்காரன் வேலை இருக்காம், போறாராம். உளி, இழைப்புளி எல்லாம் எனக்கு எதுக்கு? ஆனா அந்தப் பெட்டியில அம்பது சென்டிமீட்டர் மட்டம் ஒண்ணு இருக்கு, எண்ணெய்த் துணியில சுத்தி வச்சிருப்பார், பச்சைப்புள்ளை மாதிரி. யாரையும் தொட விடமாட்டார். அதை நானே எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன். ஊர்க்காரன் எவன் கையிலயோ போறதுக்கு, அவர் வேலை பாத்த பட்டறையிலயே இருக்கட்டும். நீ கடைக்காரிகிட்ட வேண்டாம்னு சொல்லிடு. இந்தத் தடவை சத்தமாச் சொல்லு.

யெல்கா

*

வியன்னா
15 செப்டம்பர், வியாழன்

அக்கா,

யோஷா கீழே ஹாரன் அடிக்கிறான், அதனால் சுருக்கமாக.

பெரிய மட்டம் வாங்கிவிட்டேன். புரட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். இதோ அனுப்புகிறேன். விலிம் மாமாவிடமிருந்து எதையும் வாங்காதே. மட்டம் மட்டுமல்ல, பெட்டியிலிருந்து ஒரு பென்சில்கூட வேண்டாம். அவரை விற்கவும் விடாதே. எப்படித் தடுப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. எப்படியாவது தடு.

காரணம் கேட்காதே. அடுத்த வாரம் எழுதுகிறேன்.

நெ.

*

18 செப்டம்பர், ஞாயிறு

நெவென்கா,

பெரிய மட்டம் வந்தது. எனக்கு வேண்டாம்னு எழுதினப்புறமும் வந்தது. இது என் பட்டறையா, உன் பட்டறையா? காரணம் கேக்காதேன்னு நீ எழுதினா நான் கேக்காம இருப்பேன்னு நினைச்சியா? அவரை வேலையை விட்டு அனுப்பினது நான், பேர் கெட்டது எனக்கு, 26-ம் தேதி அங்க போய் ஏணியில ஏறப் போறது நான். நீ வியன்னாவுல மேஜைக்குப் பின்னாடி உக்காந்துகிட்டு, தடு, விடு, வாங்காதேங்கறே.

சின்ன வயசுலயும் நீ இப்படித்தான். ஜாடியை உடைச்சிட்டு அலமாரிக்குப் பின்னாடி நின்னுப்பே. ஒரு வார்த்தை சொல்ல மாட்டே. அம்மா என்னை நாலு சாத்து சாத்தினதுக்கப்புறம் வந்து என் பாவாடையைப் பிடிச்சுப்பே.

நேத்து விலிம் வந்தார். ஜூனுக்கு அப்புறம் வாசப்படி மிதிக்கறது இதான் முதல் தடவை. உள்ள வர்றதுக்கு முன்னாடி காலைத் துடைச்சார், விருந்தாளி மாதிரி. பெட்டியை எப்பக் கொண்டுவரட்டும்னு கேக்க வந்திருக்கார். மேஜையில உன் மட்டம் ரெண்டும் இருந்துச்சு. பெருசை எடுத்துக் கோடு போட்டார், புரட்டினார், இன்னொரு கோடு போட்டார். பாத்துட்டு, "நல்ல மட்டம். யார் பாத்து எடுத்தது?"ன்னார்.

"தங்கச்சி"ன்னேன்.

"சின்னவளுக்குக் கண்ணு எப்பவுமே நல்லாருக்கும்"னார்.

அப்புறம் சுவத்தைப் பாத்தார். கார்டைப் படிச்சார். அவர் படிக்கறதுக்கு ரொம்ப நேரம் எடுக்கும், தெரியுமில்ல. விரலை வச்சு ஒவ்வொரு வார்த்தையா. "நீங்களே சொல்லுங்க விலிம், உண்மையிலேயே அவ கத்தினது உங்களுக்குக் கேக்கலையா?"ன்னு கேட்டேன்.

அவர் கார்டைப் பாத்தபடியே, "கூப்பிட்டேன்னு சின்னவ எழுதியிருந்தா கூப்பிட்டிருப்பா. என் காதுதான்"னார்.

அவ்வளவுதான். வர்ற ஞாயிறு பூசை முடிஞ்சதும் பெட்டியைக் கொண்டுவரார். யோஷா இறக்கி வைப்பான். திங்கக்கிழமை காலை பஸ்ல அவர் ரியெக்கா போறார்.

இப்ப நீ சொல்லு. நேரா சொல்லு. ஏன் வாங்கக் கூடாது?

யெல்கா

*

வியன்னா
22 செப்டம்பர், வியாழன்

அன்புள்ள அக்கா,

யோஷாவிடம் இந்த உறையைக் கொடுக்கும்போது, வழியில் எங்கும் தங்காமல் வெள்ளிக்கிழமை இரவுக்குள் உன் கையில் சேர்க்கச் சொல்லப் போகிறேன். இதில் காப்பி இல்லை, மோந்து பார்க்க ஒன்றும் இல்லை.

நான் கூப்பிடவில்லை.

இந்த இரண்டு வார்த்தையை எழுதத்தான் ஜூனிலிருந்து தேதியைப் போட்டுப் போட்டுக் கிழித்தேன். இப்போது எழுதிவிட்டேன், மேலே எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

மே மாத விடுமுறை உனக்கு நினைவிருக்கும். உனக்குக் காய்ச்சல். என்னைத்தான் நுனி பிடிக்க அனுப்பினாய். "இன்ஜினியர் பிடிச்சா டேப்புக்கே மரியாதை" என்று சொன்னாய். வடக்குப் பக்கம் மூன்று ஜன்னல். மூலையெல்லாம் பெயின்ட் கட்டி. பத்தில் வைத்தேன், "பத்து!" என்று கூப்பிட்டேன். விலிம் மாமா வலது பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு ஒவ்வொரு தடவையும் "பத்து!" என்று திருப்பிச் சொன்னார். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

தெற்குப் பக்கம் போகும்போது இடைவேளை மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் மூலைகள் சுத்தம், கொக்கி நன்றாக உட்கார்ந்தது. "முனை!" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு சின்னப் பெண், வடக்குப் பக்கம் நான் கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறாள் போல, என் மெல்லிய குரலிலேயே "பத்தூ..." என்றாள். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். "பத்தூ, பத்தூ." டீச்சர்களும் சிரித்தார்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு முகம் எரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

விலிம் மாமா பார்த்தார், அக்கா. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். சத்தம் வராததைக் கவனித்து, ஏணியிலிருந்து என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அதேதானா என்று கேட்கிற மாதிரி. நான் சிரித்துத் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டுகிறேன் என்றே எனக்குத் தெரியாது. அந்த மைதானத்தைவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது. அவர் பத்தைக் கழித்து எழுதினார். பட்டறை வழக்கப்படி அவர் செய்தது சரி. சத்தம் வரவில்லை என்றால் முன்னால் கூப்பிட்டதே நிற்கும். கேட்டும் பார்த்துக்கொண்டார். பதினொரு ஜன்னலுக்கும் நான் வாய் திறக்கவில்லை.

ஜூனில் உன் கார்டு வந்தது. 'நீ கூப்பிட்டாயா இல்லையா, அதை மட்டும் எழுது' என்று கேட்டிருந்தாய். அதே வாரம்தான் அலுவலகத்தில் என் பட்டத்தின் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்திருந்தார்கள். அளக்கப் படித்தவள் டேப் நுனியைப் பிடிக்கத் தெரியாதவள் என்று ஊரில் சொல்வார்கள் என்று நினைத்தேன். நீ பதினாறு வயதில் ஃபாக்டரிக்குப் போனதும் நான் காலேஜுக்குப் போனதும் இதற்குத்தானா என்று நீ கேட்பாய் என்று நினைத்தேன். பொய்யை எழுதினேன். ஒரு வரி போதாதென்று பதினொன்றுக்கும் என்று சேர்த்தும் எழுதினேன். விலிம் மாமாவின் செத்த காது என் கையில் கிடைத்த சாக்கு. அதன்பிறகுதான் என்னை வெளியே அனுப்பாதீர்கள் என்று இங்கே கேட்டுக்கொண்டேன். யாருக்காவது நுனி பிடிக்க வேண்டி வருமே என்று.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அவர் அந்தக் கார்டை விரல் வைத்துப் படித்தார் என்று எழுதியிருந்தாய். நான் தலையாட்டியது அவருக்கு மறந்திருக்காது. சாராயக்கடையில் அந்தச் சத்தம் கேட்டபோதும் மறந்திருக்காது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ நம்பியிருப்பாய், உனக்கு அவரைப் பதினைந்து வருஷமாகத் தெரியும். அவர் சொல்லவில்லை. ஏன் என்று நான் யோசித்தேன். நம் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான் என்று அவருக்கும் தெரியும், அக்கா. பட்டம் வாங்கிய அன்று ஒரு போத்தல் தேன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே வராமலே போனார், நினைவிருக்கிறதா?

நீ என்மேல் கோபப்படு. இனி எனக்கு எழுதாவிட்டாலும் சரி. ஜாடியை உடைத்துவிட்டு அலமாரிக்குப் பின்னால் நின்றது நான்தான், அடி வாங்கியது இந்தத் தடவையும் வேறு ஆள்.

பெட்டியை ஏன் வாங்கக் கூடாது என்று கேட்டாய். அந்த மட்டம் உன் மேஜைக்கு வந்துவிட்டால் அவர் திரும்பிவர ஒன்றும் மிச்சம் இருக்காது. அதனால்தான். ரெட்டைக் குச்சியை வைத்து நீ தனியாக அளந்துவிடுவாய், எனக்குத் தெரியும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். ஆனால் அன்றைக்குத் தப்பு கூப்பிடும் வழக்கத்திலும் இல்லை, கேட்டவர் காதிலும் இல்லை, நான் கூப்பிடாததில்தான். அவரைக் கேட்டுப் பார். திங்கள்கிழமை பஸ்ஸில் ஏறாமல் உன்கூட ஏணியில் ஏறுவாரா என்று. வராவிட்டாலும் அது அவர் இஷ்டமாக இருக்கட்டும், என் பொய்யினால் வேண்டாம்.

அக்டோபர் பத்தாம் தேதிக்கு முன்னால் எனக்கு விடுப்பு இல்லை. வந்ததும் அவர் வீட்டு வாசலுக்குப் போய் என் வாயால் சொல்வேன். இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன், பிடித்துக்கொள். ஆனால் பெட்டி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதுவரை காத்திருக்க முடியாது.

உன் தங்கை,
நெவென்கா

கையெழுத்துப் போட்ட பிறகும் பேனாவை மூட முடியவில்லை. கேட்க நினைத்ததை இன்னும் கேட்கவில்லை. இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே, அக்கா. அவரிடம் தனியாகச் சொல்லிச் சமாதானம் செய்துவிடவும் வேண்டாம். உனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், அந்தக் கார்டை ஊருக்கெல்லாம் காட்டியவள் நீ. ஞாயிற்றுக்கிழமை யோஷா பெட்டியை இறக்க வரும்போது சாராயக்கடைக்காரர்களையும் கூட்டி வரச் சொல். கார்டைக் கழற்றிக் கீழே வை. விலிம் மாமாவுக்கு வலது பக்கமாக நின்றுகொள். இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசி. இன்ஜினியர் என்று வரும் இடத்தைத் தாண்டிப் போகாதே. வாசிக்கும்போது சத்தமாக வாசி, அக்கா.